ஐந்து பலகையும் ஒரு மூன்று சுழியும்

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் தமிழ் வாத்தியார் வேலை எனக்கு. பள்ளி விட்டு வந்தால் கையில் சால்டரிங் கோல். அடுத்த தைப்பூசத்தில் காத்ர் போர்ன் மலைக்கோவில் காவடியை நானே செய்த டிஜிட்டல் கேமராவில் பிடிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கான முதல் சர்க்யூட் பலகையைக் கீகேட் என்ற இலவச மென்பொருளில் வரைந்து, சீனாவின் ஷென்ஜென் நகரில் பலகை செய்து தரும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். குறைந்தது ஐந்து வாங்க வேண்டும். விமானத் தபால் செலவு பலகைகளின் விலையைப் போல மும்மடங்கு. தீவில் குடியிருப்பவனுக்கு இது பழகிய கணக்கு. அனுப்பிய 12-ஆம் நாள் பலகைகள் கைக்கு வந்தன.

வேலை சுத்தம். நான் எடுத்துக்கொண்ட, படம் பிடிக்கும் ஓவி2640 சென்சாரின் இணைப்பு நாடாவில் 24 முனைகள், அரை மில்லிமீட்டர் இடைவெளியில். அதற்கான தடங்களுக்கு நடுவே பச்சைப் பூச்சு எங்காவது உரிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐந்திலும் ஒரு குறை இல்லை. காசு மிச்சம் என்று தடங்களின் மேல் வெள்ளீயப் பூச்சைக் கேட்டதுதான் என் கஞ்சத்தனம். அது மேடு பள்ளமாக இருக்க, நாடாவைச் செருகும் இணைப்பான் ஒரு கால் குட்டையான நாற்காலிபோல் ஆடியது. இவ்வளவு நெருக்கமான கால்களுக்குத் தட்டையான தங்கப் பூச்சே சரி. கூடுதல் விலையைப் பார்க்காதீர்கள்.

எல்லாம் ஒட்டி முடித்தும் படம் வரவில்லை. சென்சார் சூடேறி உயிரை விட்டது. இரண்டு இரவு நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் தெரிந்தது: நாடாவின் உலோக முகம் கீழ்நோக்கி இருக்க, நான் போட்ட இணைப்பானோ மேல்பக்கம் தொடும் வகை. நாடாவைத் திருப்பிச் செருகியதில் முதல் முனை 24-ஆவது முனையின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு துளை விளிம்புக்கு மிக அருகில் இருக்கிறது என்று அச்சிடும் முன்பே கடிதம் எழுதிக் கேட்டவர்கள் அவர்கள். என் நாடா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் பலகையில் கீழ்பக்கம் தொடும் இணைப்பானை வைத்தேன். முதல் படம் வந்தது: பச்சை பாய்ந்த நிறத்தில், மேசையில் திருத்தாமல் கிடந்த விடைத்தாள் கட்டு.

இனி என் வழக்கு. 2023-இல் வந்த கீகேட் 7 முதல் கணினியில் உள்ள எந்த எழுத்துருவையும் பலகையில் போடலாம். ஆகவே கேமராவுக்குக் ‘கண்’ என்று பெயரிட்டு, வெள்ளை எழுத்தில் தமிழிலேயே பொறிக்கச் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர் உயரம் வைத்தது என் பேராசை. மை பரவிச் சுழிகளில் ஒன்று அடைத்துக்கொண்டது. துளையைக் கண்டுபிடித்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து பலகையிலும் இப்போது ‘கன்’ என்று இருக்கிறது. இதே பிழைக்கு வகுப்பில் அரை மதிப்பெண் குறைப்பவன் நான். இவர்களுக்கும் அதே கணக்கு: 5-க்கு நாலரை.