அடுக்குத் தேனீயா, கொசுத்தேனீயா?

திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் மகளிர் குழுவாகத் தேனீ வளர்க்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது.

அடுக்குத் தேனீ, அதாவது பல அடைகளை அடுக்காகக் கட்டும் தேனீ, பூக்காலத்தில் பெட்டிக்குச் சில கிலோ தேன் தரும். மரப்பெட்டி, புகைமூட்டி, முகவலை வேண்டும். தேன் எடுக்கும் இயந்திரம் குழுவுக்கு ஒன்று போதும். ஆனால் வாரம் ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். தேனடையில் நூலாம்படை போல இழை ஓடினால் மெழுகுப்பூச்சி வந்துவிட்டது; அந்த அடையை அன்றே எடுத்து உருக்கிவிடுங்கள். பெட்டிக் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும், இல்லையென்றால் எறும்பு ஏறும். பூ வற்றும் காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்து, பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். பகலில் வைத்தால் அடுத்த கூட்டுத் தேனீக்கள் வந்து கொள்ளையடிக்கும், பலவீனமான கூடு அதோடு அழியும்.

கொசுத்தேனீ மிகச் சிறியது, கொட்டாது. மண்பானையோ மூங்கிலோ போதும். தேன் ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான், விலை பல மடங்கு. எடுக்கும்போது தேன்பைகளை மட்டும் எடுங்கள். முட்டைக் கொத்து நசுங்கினால் கூடு தேறுவது கடினம்.

பீடி சுற்றிக்கொண்டே கவனிக்க வேண்டிய வீட்டுக்கு, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொசுத்தேனீதான் சரி. எதுவானாலும் காட்டிலிருந்து எடுக்காமல், இருக்கும் கூட்டையே இரண்டாகப் பிரித்துப் பெருக்குங்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றிக் கூடு எடுப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.