ஒகேனக்கலா, திருப்பூரா, கடன் பத்திரமா? குடிநீருக்கான பணம் வந்த மூன்று வழிகள்

தருமபுரி மாவட்டக் கிராமங்களில் சில பிள்ளைகளின் பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். பல் துலக்காததால் வந்த கறை அல்ல அது. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஃப்ளூரைடு, பல் உருவாகும்போதே எனாமலைக் கெடுத்ததன் அடையாளம். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். காய்ச்சினாலும் ஃப்ளூரைடு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். அங்கே நல்ல தண்ணீரை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்கான பணத்தை யார் போடுவது, யார் திருப்பிக் கட்டுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அரசே கடன் வாங்கிக் கட்டியது. ஜப்பானின் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கடன் கொடுத்தது. சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கடன் யென்னில் என்பதால் ரூபாய் சரிந்தால் சுமை ஏறும் என்பது உண்மையான குறை. ஆனால் அந்தச் சுமை மாநிலம் முழுவதன் மீதும் பரவுகிறது. மானாவாரியை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் தண்ணீர்க் கட்டணத்தில் மட்டும் வந்து விழுவதில்லை. எனக்கு இதுவே பெரிய நியாயமாகப் படுகிறது.

திருப்பூர் எடுத்தது வேறு வழி. 1995இல் அரசும் தனியாரும் சேர்ந்து தனி நிறுவனம் அமைத்தார்கள். வங்கிக் கடனும் பங்கு முதலீடுமாக ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திரட்டி, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தைக் கட்டினார்கள். கணக்கு எளிமையானது. சாயப்பட்டறைகள் அதிக விலை கொடுக்கும். அந்த வருமானத்தில் நகரத்துக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் குடிநீர் கிடைக்கும். அதுவரை சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த பட்டறைகளுக்கு இது பெரிய விடுதலை.

பிறகு நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பட்டறைக் கழிவு, ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. வழக்கு நடத்தி ஓய்ந்த விவசாயிகளுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மீண்டும் திறந்தவை, கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டிய கட்டாயத்தில் திறந்தன. ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் மறுசுழற்சி கூடக் கூட, புதிதாக வாங்கும் தண்ணீர் குறையும். கடனை அடைக்க நம்பியிருந்த வாடிக்கையாளரே குறைந்துபோனார். ஆறு சுத்தமானால் குடிநீர்த் திட்டத்தின் வருமானம் அடிபடும் என்ற ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்திருக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் வந்தது, பொறியியல் வென்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே தொழிலை நம்பி ஊருக்குக் குடிநீர் கொடுப்பது ஒற்றைக்கால் நாற்காலி.

மூன்றாவது வழி அதிகம் பேசப்படாதது. 2002இல் தமிழ்நாட்டின் 13 சிறிய உள்ளாட்சிகளைச் சேர்த்து, நீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதியம் வழியாகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். தனித்தனியே போயிருந்தால் முதலீட்டாளர்கள் அவற்றைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சேர்ந்து போனதால் சந்தை நம்பியது. வரியும் கட்டணமும் தனி வங்கிக் கணக்கில் சேரும், அதிலிருந்து தவணை போகும். தவறினால் அரசு தரும் நிதிப் பங்கில் பிடித்துக்கொள்ளலாம். அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனத்தின் உத்தரவாதமும் இருந்தது. வரி ஒழுங்காக வசூலாகும் சிறு நகரங்களுக்கு இது மிக நல்ல வழி, இன்னும் பல ஊர்களில் முயன்றிருக்கலாம். கைப்பம்பையும் பொதுக்குழாயையும் நம்பும் குக்கிராமத்துக்கு இது பொருந்தாது. அடகு வைக்க அங்கே வருமானமே இல்லை.

அப்படிப்பட்ட ஊர்களுக்கு, கிராமத்து வீடுகளுக்குக் குழாய் இணைப்புத் தர 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் மானியம்தான் கைகொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மத்திய அரசும் மாநிலமும் பாதிப் பாதி. ஊருக்குள் போடும் குழாய்ச் செலவில் பத்து சதவீதம், மலைப்பகுதியிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர் பெரும்பான்மையான ஊர்களிலும் ஐந்து சதவீதம் மக்கள் பங்கு.

ஆகவே ஃப்ளூரைடு ஊர்களுக்கு மானியம் அல்லது குறைந்த வட்டிக் கடன், சிறு நகரங்களுக்குக் கூட்டுப் பத்திரம். தனியார் முதலீடு வேண்டுமென்றால், பலவகை வாடிக்கையாளர்கள் உள்ள பெருநகரத்தில் மட்டும். எந்த வழியில் கட்டினாலும், ஓட்டும் செலவைத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்க வேண்டும். காவிரிப் பள்ளத்தில் எடுக்கும் தண்ணீரைப் பென்னாகரம் மேட்டுக்கு ஏற்றும் மோட்டார்களுக்கு மாதாமாதம் மின் கட்டணம் கட்டியாக வேண்டும். கடைக்கோடிக் கிராமத்தில் மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடுபவருக்குச் சம்பளம் போக வேண்டும். மோட்டார் ஒரு வாரம் நின்றால், அந்த ஊர்ப் பெண்கள் மறுபடியும் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே குடத்தோடு போவார்கள்.