பழைய வால்வு டிவியைச் சரிசெய்யக் கொடுக்கிறீர்களா? பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அது முடிகிற வரை வாயைத் திறக்காதே என்று வக்கீலாக இருக்கும் மச்சான் சொல்லியிருக்கிறார். செட்டின் கம்பெனிப் பெயரும் அதனால்தான் இல்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 35,500 ரூபாய் போனதைவிட, நல்ல செட் ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்துத் தொலைத்ததுதான் தூங்க விடவில்லை.

செட் எங்கள் மாமா வாங்கியது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஆரம்பித்தது. மாமா அப்போது மாம்பலத்தில் குடியிருந்தார். மூன்று வருடம் யோசித்து 1978இல் வாங்கினார். மதராஸிலேயே செய்த 20 இஞ்ச் கருப்பு வெள்ளை. தேக்கு வெனீர் ஒட்டிய பெட்டி, நான்கு கால், இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு. அந்தச் சாவி அத்தையின் இடுப்பில் வீட்டுச் சாவிக் கொத்தோடு தொங்கும். வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் தெருவே கூடத்தில் உட்கார்ந்திருக்கும். சேனல் திருகில் எண்கள் வரிசையாக இருக்கும். வருவதென்னவோ ஒரே சேனல். ஆனாலும் நாங்கள் கடகடவென்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அதில் கொண்டுவந்து நிறுத்துவோம்.

மாமா ரிட்டயர் ஆகி வேதாரண்யம் பக்கம் சொந்த ஊருக்குப் போனபோது செட்டும் லாரியில் போனது. அங்கே மதராஸ் எடுக்காது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி வந்திருந்ததால், தென்னை மரத்தைவிட உயரமாகக் குழாய் நட்டு ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்கள். சிங்களம் ஒரு வார்த்தை புரியாமல் அத்தை பல வருடம் அதைப் பார்த்தார். பிறகு கலர் வந்தது, இது பரணுக்குப் போனது.

போன வருடம் அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஓடினேன். பழைய இரும்புக்காரர் ஏற்கெனவே விலை பேசியிருந்தார். நான் 4,000 கொடுத்து எடுத்தேன். பரணிலிருந்து இறக்க இரண்டு ஆள் போதவில்லை, மூன்றாவதாக நானும் தோள் கொடுத்தேன். இந்த எடை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, போனில் பதினோரு படம் எடுத்தேன். ஆசைக்குத்தான் எடுத்தேன், உள்ளே என்ன இருந்தது என்பதற்கு எனக்கு இருக்கும் ஒரே சாட்சி இப்போது அதுதான். உள்ளே வால்வு எல்லாம், டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்கள், வரிசையாக இருந்தது. பி.எல்.504, பி.ஒய்.88, பி.சி.எல்.86 என்று எழுத்துகூட அழியவில்லை. மூடியின் உட்புறம் கம்பெனி ஒட்டிய சர்க்யூட் படம், ஓரம் மட்டும் கரையான் அரித்து.

நானே ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்பீர்கள். ரேடியோவை நோண்டியிருக்கிறேன், ஆனால் இந்த மாதிரி செட்டில் கை வைக்கப் பயம். நிறைய வால்வு செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. கரண்டின் ஒரு முனை நேராகச் சேசிஸுக்கே, அதாவது பாகங்களைத் தாங்குகிற தகரத்துக்கே போகும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் தகரம் முழுக்க 230 வோல்ட். பிக்சர் டியூபுக்குப் போகிற இ.எச்.டி. என்கிற உயர் மின்னழுத்தம் பதினைந்தாயிரம் வோல்ட் அளவு இருக்கும்; ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அது தங்கி நிற்கும். தெரியாமல் தொட்டால் தூக்கி எறியும். நீங்களும் தொடாதீர்கள்.

நாற்பது வருடம் தூங்கிய செட்டை நேராக பிளக்கில் மாட்டிப் பார்ப்பதும் கூடாது. காய்ந்துபோன கண்டன்சர் (மின்தேக்கி) வெடிக்கும், அது போகிற போக்கில் மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகும். பழைய மெக்கானிக்குகள் முதலில் கரண்ட் போகிற வழியில் ஒரு சீரிஸ் பல்பு போட்டுத்தான் கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட்டு தப்பிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் கேவலம்.

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். கடை முழுக்க பளபளவென்று வால்வு ரேடியோ, கிராமபோன். "சார், இந்த மாதிரி செட்டு எங்க கைக்கு வர்றதே எங்க அதிர்ஷ்டம்" என்றார். 12,000 முன்பணம். ரசீது கேட்டதற்கு, "வாட்ஸ்அப்ல போட்டுடறேன் சார்" என்றார். போட்டதோ ஒரு கும்பிடு.

இரண்டு மாதம் என்றது ஐந்து மாதம் ஆனது. நடுவில் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. "வால்வு எல்லாம் காத்துப் புகுந்து போச்சு சார், ஒண்ணுகூடத் தேறல. பாம்பேலேருந்து வரவழைக்கணும், ஆறாயிரம் ஆகும்." அனுப்பினேன். கடைசியில் 17,500 கொடுத்துவிட்டு செட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

குட்டியானையில் வந்து இறங்கியது. டிரைவர் ஒற்றை ஆளாக அணைத்துத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். எனக்குச் சுருக்கென்றது. போன் போட்டுக் கேட்டேன். "பழைய கண்டன்சர் எல்லாம் அவ்ளோ வெயிட்டு சார், இப்ப சின்னதா வந்துடுச்சு" என்றார். கண்டன்சர் மாற்றினால் இருபது கிலோ குறையுமா? குறையாது. ஆனால் ஐந்து மாதம் காத்திருந்தவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது, சரி என்று வைத்துவிட்டேன்.

பெட்டிக்கு பிரெஞ்ச் பாலிஷ் போடச் சொல்லியிருந்தேன். கண்ணாடி மாதிரி மின்னுகிற ஏதோ வார்னிஷ் அடித்திருந்தார்கள், கல்யாண மண்டப நாற்காலி போல. ஸ்பீக்கர் முன்னால் இருந்த பொன் நிறத் துணியைக் காணோம். திரைக்கு முன்னால் கருப்பாக ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. டியூபுக்குப் பாதுகாப்பு என்றார். அந்தக் காலத்தில் கண் கெடாமல் இருக்க நீலக் கண்ணாடி மாட்டியவர்கள்தானே நாம், அதையும் நம்பினேன். இந்த மாதிரி பழைய செட்டு ஆண்டெனாவில் பிடிக்கிற சிக்னல் இப்போது எங்கள் பக்கம் இல்லை, மாடுலேட்டர் என்று ஒரு பெட்டி வைத்து நாமேதான் கொடுக்க வேண்டும் என்று எனக்கே தெரியுமாதலால், "உள்ளேயே மாடுலேட்டர் வச்சு பென் டிரைவ் கொடுத்திருக்கேன்" என்று அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

சுவிட்சைப் போட்டேன். உடனே படம். கருப்பு வெள்ளையில் பாட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் யோசிக்கவில்லை. வால்வு செட்டு எங்கேயாவது உடனே வருமா? மாமா சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போய் வெற்றிலை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் படம் மெல்ல விரியும்.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஆஃப் செய்ததும் கேட்டார், "நடுவுல ஒரு பொட்டு வருமேடா, அது எங்க?"

ஆமாம், பொட்டு. ஆஃப் செய்தால் படம் முழுவதும் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாக நின்று, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். அது போகிற வரை நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். இதில் டக்கென்று இருட்டு. திருகைச் சுற்றினேன். கடகட இல்லை, எண்ணெயில் சுற்றுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. திரையருகே கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்த்துக்கொண்டு நிற்குமே, அதுவும் இல்லை.

மறுநாள் அண்ணன் பேரன் வந்தான், ஒன்பது வயது. படுக்கையறையில் இருக்கிற மலிவு எல்.இ.டி. டிவியின் ரிமோட்டை எடுத்து இதன் முன்னால் விளையாட்டாக அழுத்தினான். திரையில் மெனு வந்தது! 1978 மாடல் டிவியில் மெனு. கலர் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. பையன் அதை ஐம்பதுக்குத் தள்ளினான். கதாநாயகியின் புடவை மஞ்சள் ஆனது. "தாத்தா, கலர் டிவி!" என்று குதித்தான்.

பின்மூடியைக் கழற்றினேன். ஏதோ பழைய கம்ப்யூட்டர் மானிட்டரின் எல்.சி.டி. பேனல், அதை ஓட்ட யுனிவர்சல் போர்டு ஒன்று, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் இரண்டு. எல்லாம் ஒட்டுப்பலகைத் துண்டில் பசை தடவி ஒட்டியிருந்தது. சேசிஸ் இல்லை, சேனலைப் பிடிக்கிற டியூனர் இல்லை, பிக்சர் டியூப் இல்லை, அதன் கழுத்தில் மாட்டுகிற யோக் என்ற கம்பிச்சுருள் இல்லை. வால்வு ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்த வரை பார்ட்ஸ் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் தாண்டாது.

கடைக்குப் போனேன். முதலில் மழுப்பினார். அப்புறம், "படம் தெரியுதா இல்லையா சார்? உள்ள என்ன இருந்தா என்ன?" என்றார். பழைய பாகங்களையாவது கொடுங்கள் என்றேன். டியூப் உடைந்துவிட்டதாம், மற்றதெல்லாம் குப்பைக்குப் போய்விட்டதாம். பம்பாயிலிருந்து வந்த வால்வு எங்கே என்றதற்குப் பதிலே இல்லை. பி.சி.எல்.86ஐ வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்கள் தேடித் தேடி வாங்குவார்கள். எங்கே போயிருக்கும் என்று எனக்கொரு ஊகம் உண்டு, நிரூபிக்கத்தான் வழியில்லை.

அப்போதுதான் ஊரில் அந்த நாளிலேயே இந்த செட்டைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் நினைவு வந்தது. கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. அவரிடம் என் பதினோரு படங்களையும் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "யாரு தம்பி காத்துப் புகுந்துச்சுன்னு சொன்னது? வால்வு தலையப் பாரு."

வால்வின் உச்சியிலோ அதை ஒட்டியோ கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி பூசியது போல ஒரு திட்டு இருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளப் போடுவது அது. காற்றுப் புகுந்துவிட்டால் வெள்ளி போய்ப் பால் மாதிரி வெளுத்துவிடும். என் படத்தில் எல்லாத் தலையும் கண்ணாடியாக மின்னுகிறது. இழை அறுந்திருக்கலாமே என்று கேட்டேன். "அறுந்தா ஒண்ணு அறுந்திருக்கும். எல்லா இழையும் ஒண்ணு பின்னால ஒண்ணா போற கரண்ட். திருவிழா சீரியல் பல்பு மாதிரி, ஒண்ணு போனா எல்லாம் அணைஞ்சிரும். எதுன்னு மீட்டர் வச்சுப் பாத்தா அஞ்சு நிமிஷ வேலை." கண்டன்சர்களை மாற்றி, டியூனரின் பித்தளை முனைகளைத் துடைத்திருந்தாலே செட்டு பேசியிருக்கும் என்பது அவர் கணக்கு. பிக்சர் டியூப் எப்படி இருந்தது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றார். அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த அளவு கருப்பு வெள்ளை டியூபைப் புதிதாக வாங்கவும் முடியாது.

இப்படி ஒரு செட்டு உங்கள் வீட்டில் இருந்து, சரிசெய்யக் கொடுப்பதாக இருந்தால், பின்மூடியைத் திறந்து, உள்ளே எதையும் தொடாமல் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். சேசிஸ் தகரத்தில் சீரியல் நம்பர் இருந்தால் அதையும் எடுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு பாகமும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் செட்டை வைக்காதீர்கள். திரும்ப வாங்கப் போகும்போது தூக்கிப் பாருங்கள், வெறும் கையால், நீங்களே. ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போனாலும் நல்லது: பிக்சர் டியூப் செட்டு ஓடும்போது மெல்லிய விசில் ஒன்று வரும், வினாடிக்கு 15,625 வரி ஓடுகிற சத்தம். ஐம்பது தாண்டிய என் காதுக்கு அது எட்டாது, பிள்ளைகளுக்குக் கேட்கும்.

என்னைப் போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915க்குப் பேசினால் நுகர்வோர் உதவி மையத்தில் முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள். என் விஷயத்தில் கடைக்காரர் போனையே எடுக்கவில்லை. அதன் பிறகு ஆணையத்துக்குப் போனேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லாதது பெரிய ஓட்டைதான். ஜிபே கணக்கும், பம்பாய் வால்வு பற்றிய வாட்ஸ்அப் குரல் பதிவும், இந்தப் பதினோரு படங்களும்தான் கையில் இருப்பவை.

போன வாரம் மெக்கானிக் அண்ணன் பேசினார். திருத்துறைப்பூண்டியில் ஒரு வீட்டில் ஏறக்குறைய இதே காலத்து செட்டு ஒன்று பெட்டி உளுத்துப்போய்க் கிடக்கிறதாம், உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறதாம். சர்க்யூட் ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும், உன் பின்மூடியில் ஒட்டியிருந்த தாளைப் படம் எடுத்து அனுப்பு என்றார். போய்ப் பார்த்தேன், தாள் இருக்கிறது. கரையான் அரித்த ஓரம்கூட அப்படியே. அனுப்பி வைத்தேன்.

"அதையாச்சும் கிழிக்காம வச்சானே" என்றார்.