நான்கு கோப்பைகளை ஜப்பானுக்கு அனுப்பப் பார்த்தோம்: ஒரு மொழியாக்கச் சேவை பற்றி

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பீங்கான் கோப்பைகள் செய்கிறோம். ஜெர்மனி, ஜப்பான், அரபு நாடுகள் ஆகிய மூன்று இடங்களிலும் விற்கலாம் என்று முடிவானதும், பெட்டி வாசகம், இணையப் பக்கம், விளம்பரம் எல்லாவற்றையும் அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றித் தரும் ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். ஏழு மாதம் அவர்களோடு வேலை செய்தாகிவிட்டது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இந்தத் தொழிலில் உள்ள பெரும்பாலானோர் ஏறக்குறைய இதே சேவைகளைத்தான் விற்கிறார்கள். அவற்றில் எது கொடுத்த பணத்துக்குத் தகும், எது தகாது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் ஏமாற்றம். அறிமுகக் கூட்டத்தில் செவ்ரோலே நோவா கதையைச் சொன்னார்கள்: ஸ்பானிய மொழியில் 'நோ வா' என்றால் 'போகாது', அதனால் அந்தக் கார் லத்தீன் அமெரிக்காவில் விற்கவில்லை என்று. உண்மையில் நோவா மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் 'நோவா' என்ற பெயரிலேயே பெட்ரோல் விற்றிருக்கிறது. பிற பண்பாடுகளை விளக்குவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இதைச் சரிபார்க்காமல் சொன்னது எனக்கு உறுத்தியது.

அடுத்து வந்தது 'பண்பாட்டு அறிக்கை'. நாடுவாரியாகப் பட்டை வரைபடங்கள்: தனிமனிதப் போக்கு இவ்வளவு, அதிகார இடைவெளி (அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு தூரம் ஏற்கிறார்கள் என்பது) இவ்வளவு. எல்லாம் நெதர்லாந்தைச் சேர்ந்த சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டேட் உருவாக்கிய அளவுகோல்கள். அவற்றின் அடித்தளம் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வு. ஆய்வாளர்களுக்கு அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெட்டியில் எத்தனை கோப்பை வைப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. அறிக்கை தனிக்கட்டணம் என்றால் வாங்காதீர்கள்.

பதில் வந்தது வேறிடத்திலிருந்து. அவர்களிடம் 'உள்ளூர் வாசகர்' என்று ஒரு சேவை உண்டு. அந்த நாட்டில் வாழும் ஒருவர் நம் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒரு மணி நேரம் நம்மோடு பேசுவார். ஜப்பானுக்காகப் பேசிய அம்மா பெட்டியைத் திறந்ததுமே, "ஏன் நான்கு?" என்று கேட்டார். ஜப்பானிய மொழியில் நான்கைக் குறிக்கும் 'ஷி' என்ற ஒலியே சாவையும் குறிக்கிறது. அங்கே கோப்பை, தட்டு போன்றவை வழக்கமாக ஐந்து கொண்ட தொகுப்பாகத்தான் விற்கும். பரிசு என்றால் இரண்டு கொண்ட ஜோடியும் உண்டு. நாங்கள் நான்காக அடுக்கி, மேலே ரிப்பனும் கட்டி வைத்திருந்தோம்.

அதோடு முடியவில்லை. 'எளிதில் உடையாது' என்பது நாங்கள் பெருமையாக அச்சிட்ட வரி. ஜப்பானியத் திருமண வாழ்த்துகளில் உடைவது, பிரிவது, அறுவது போன்ற சொற்களையே தவிர்ப்பார்களாம். மணமக்களுக்குக் கொடுக்கும் பெட்டியில், உடையாது என்று சொல்வதற்காகக்கூட அந்தச் சொல் வரக் கூடாது என்றார். மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை, இலக்கணமும் சரி. அதனால்தான் மொழிபெயர்ப்பாளர் கண்ணில் அது படவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டுமே இந்த நிறுவனத்தை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பேன்.

ஜெர்மன் மொழிபெயர்ப்பாளரும் அருமையானவர். வேலை தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகள் அனுப்பினார். முதலாவது, வாங்குபவரை 'டூ' என்று அழைக்க வேண்டுமா, 'ஸீ' என்றா. நம் நீ, நீங்கள் போலத்தான். எங்கள் மூலப் பிரதி ஆங்கிலத்தில் இருந்ததால் இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தமிழில் யோசித்திருந்தால் முதல் நாளே தோன்றியிருக்கும். இரண்டாவது, கோப்பையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, 'கெஐக்னெட்' என்று போடவா, 'ஃபெஸ்ட்' என்று போடவா என்று கேட்டார். முன்னது 'ஏற்றது' என்ற அளவில் நிற்கும். பின்னது பலமுறை கழுவினாலும் தாங்கும் என்ற உறுதிமொழி. எங்கள் பொன் விளிம்பு அத்தனை தாங்காது. 'ஃபெஸ்ட்' என்று அச்சாகியிருந்தால் நாங்கள் பொய் சொன்னவர்களாகியிருப்போம்.

ஜெர்மனி விஷயத்தில் ஒரு குறை. 2019 முதல் நடப்பில் உள்ள அந்நாட்டின் பொட்டலச் சட்டப்படி, அங்குள்ள நுகர்வோருக்குப் பெட்டியில் பொருள் அனுப்புகிறவர்கள் 'லூசிட்' பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். சட்ட ஆலோசனை தங்கள் வேலை இல்லை என்றார்கள், சரி. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். மொத்தமாக வாங்க வந்த ஒரு வியாபாரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அரபுப் பக்கம்தான் மிகவும் சோதித்தது. எழுத்தை வலமிருந்து இடமாக ஓடும்படி சரியாக மாற்றிவிட்டார்கள். ஆனால் கறை படிந்த கோப்பை, கழுவும் கை, பளிச்சென்ற கோப்பை என்று வரிசையாக இருந்த மூன்று படங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். வலப்புறமிருந்து பார்த்தால் பளிச்சென்ற கோப்பையைக் கழுவக் கழுவக் கறை ஏறுகிறது. இரண்டு வாரம் கழித்து, பார்த்த ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். அவர் அரபு நாட்டுக்காரர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். திருத்தச் சொன்னோம். படம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டார்கள், கோப்பை மேல் இருந்த எங்கள் பெயரும் இடவலமாகத் திரும்பிவிட்டது. மூன்றாவது முறைதான் படங்களைத் தனித்தனியாக வெட்டி, வரிசையை மட்டும் மாற்றினார்கள். அரபுக்கும் ஓர் உள்ளூர் வாசகரைக் கேட்டிருக்க வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று அதை விட்டது எங்கள் முடிவு. அடுத்த தொகுப்புக்கு அறிக்கையை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் மூன்று மொழிக்கும் வாசகர் கேட்டிருக்கிறோம்.