சோயா லெசிதினா, சூரியகாந்தியா, முட்டை மஞ்சள் கருவா?

"சோயா லெசிதின் வாங்கட்டுமா, சூரியகாந்தி வாங்கட்டுமா தம்பி?" என்று அண்ணி கேட்டார். மதியம் சாப்பிட்டால் வயிறு மந்தமாகவே இருக்கிறதாம். லெசிதின் கேப்சூல் போட்டால் செரிமானம் சரியாகும் என்று மஞ்சக்குப்பத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோயா, சூரியகாந்தி, முட்டை மஞ்சள் கரு மூன்றிலும் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புப் பொருள்தான் லெசிதின். இந்தப் போட்டியில் முட்டையின் மஞ்சள் கருவையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் செரிமானம். கேப்சூல் விற்பதே அதைச் சொல்லித்தான். லெசிதினின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை கொழுப்போடு சேரும். அதனால் கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து நிற்கிறது, கணைய நொதிகளுக்கு வேலை சுலபம். பித்தநீரில் பித்த உப்புகளோடு லெசிதினும் இருப்பது இதற்காகத்தான். அங்கே இருக்கும் கொலஸ்ட்ரால் கல்லாக உறையாமல் பார்த்துக்கொள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இதுவரை விளம்பரம் சொல்வது சரி. ஆனால் அளவைப் பாருங்கள். கல்லீரல் தானே தயாரித்துப் பித்தநீர் வழியாக ஒரு நாளில் குடலுக்கு அனுப்பும் லெசிதின் சுமார் 10 கிராம், அதற்கு மேலும் இருக்கலாம். ஒரு கேப்சூல் 1200 மில்லிகிராம். அதையும் கணைய நொதி வெட்டிய பிறகுதான் உடல் உறிஞ்சும். விழுங்கியது அப்படியே பித்தப்பைக்குப் போய்ச் சேராது. பித்தப்பைக் கல்லைக் கரைக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மந்தத்தோடு வலது விலாவுக்குக் கீழே வலியும் இருந்தால் ஸ்கேன் எடுப்பதுதான் முறை.

சோயாவா, சூரியகாந்தியா என்பதில் பெரிய சண்டைக்கு இடமில்லை. இரண்டுமே எண்ணெய் ஆலையின் உபபொருள். கச்சா எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பிசின் போல ஊறிப் பிரிவதை எடுத்து உலர்த்துகிறார்கள். நம்மூரில் மல்லாட்டை (வேர்க்கடலை) ஆட்டி வந்து டின்னில் வைத்தால் அடியில் மண்டி தங்குமே, அதிலும் இந்தப் பிசின் கொஞ்சம் உண்டு. அதற்காக மண்டியைக் குடிக்க வேண்டாம்! சோயா ஒவ்வாமை உள்ளவர்களும், மரபணு மாற்றிய பயிர் வேண்டாம் என்பவர்களும் சூரியகாந்தியை எடுக்கலாம். மற்றவர்கள் கூடுதல் விலை கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

முட்டைக்கு வருவோம். ஒரு மஞ்சள் கருவில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு. அதில் மூன்றில் ஒரு பங்கு லெசிதின் வகைக் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி பாஸ்ஃபடிடைல்கோலின், அதாவது கோலின் என்ற சத்தைத் தரும் பொருள். சாதாரண சோயா லெசிதினில் இந்தப் பாஸ்ஃபடிடைல்கோலின் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கு. மீதி எண்ணெயும் மற்றவையும். கணக்குப் போட்டால் ஒரு மஞ்சள் கருவுக்கு நாலு கேப்சூலாவது ஈடு வைக்க வேண்டும். கோலின் குறைந்தால் கல்லீரலிலிருந்து கொழுப்பு வெளியேறுவது தடைப்பட்டு அங்கேயே படியும். பெண்களுக்கு நாளுக்கு 425, ஆண்களுக்கு 550 மில்லிகிராம் போதுமென்று அமெரிக்க நிபுணர் குழு 1998இல் வகுத்தது. ஒரு முட்டையிலேயே 140 மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் வெள்ளைக் கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்குவதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அதில் 180 மில்லிகிராம் போலக் கொலஸ்ட்ராலும் இருப்பது உண்மை. சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் எத்தனை முட்டை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

முட்டை தொடாத வீடுகளில் சோயா, மல்லாட்டை, பால், பருப்பு எல்லாம் சேர்ந்து ஓரளவு ஈடுகட்டும். அங்கே கேப்சூலுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. பால் கட்டிக்கொள்ளும் தாய்மார்களுக்குச் சில மருத்துவர்கள் லெசிதின் எழுதுவதும் உண்டு, ஆதாரம் அத்தனை வலுவில்லாவிட்டாலும். நிறையப் போட்டால் வயிற்றுப்போக்கு வரும். மிஞ்சிய கோலினைக் குடல் கிருமிகள் வேறு பொருளாக மாற்ற, கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற வேதிப்பொருளாக ஆக்குகிறது. அதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பேச்சு 2011 முதல் ஆய்வுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிஸ்கட், சாக்லேட் உறைகளில் 322 என்று போட்டிருப்பதும் இதே லெசிதின்தான். அளவு சொற்பம், அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், சத்துக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம்.