கை கால் விளங்காமல் போனால் பணம் வரும் என்று நம்பியிருந்தோம்

என் கணவர் கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லேத் ஆபரேட்டர். வயது 43. போன ஆவணியில் ஒருநாள் காலை பல் துலக்கும்போதே வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை இன்னும் டம்ளரைப் பிடிக்காது.

ஆறு வருடமாக ஆயுள் காப்பீட்டோடு ஊனத்துக்கான ரைடருக்கும், அதாவது பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்புக்கும், சேர்த்துப் பிரீமியம் கட்டினோம். ஏஜென்ட் எங்கள் தெருக்காரர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். "கை கால் விளங்காமப் போனாலும் காசு வந்துரும் தம்பி" என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். பத்திரத்தைப் படிக்காமல் பீரோவில் வைத்தோம்.

விண்ணப்பித்த இரண்டு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. ரைடர் விபத்தால் வரும் நிரந்தர ஊனத்துக்கு மட்டுமாம். பக்கவாதம் நோய், அதனால் தரமாட்டார்கள். ஏஜென்டிடம் கேட்டால், "எனக்கே அப்படித்தான் சொன்னாங்க அம்மணி" என்கிறார்.

இத்தனை வருடம் மெஷினில் கை மாட்டிவிடுமோ என்றுதான் பயந்தோம். ரத்த அழுத்தத்தை நினைக்கவே இல்லை. வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமரின் சுரக்ஷா பீமா, அதுவும் விபத்துக்கு மட்டும்தான். பக்கவாதத்துக்குப் பணம் வேண்டுமென்றால் தீவிர நோய்க்கான பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும். அதிலும் பாதிப்பு மூன்று மாதமாவது நீடித்தால்தான் தருவார்கள்.

அப்புறம் கம்பெனி அலுவலகம். "பத்து வருஷ சர்வீஸ் இல்லை, பென்ஷன் வராது, பணத்தை எடுத்துக்கோங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை. பி.எஃப். பிடிக்கும் தொழிலாளர்களுக்கான 1995ஆம் வருட ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக முடங்கிப்போனவருக்குப் பத்து வருடக் கணக்கு கிடையாது. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். மருத்துவக் குழு பார்த்துச் சான்று தர வேண்டும். பென்ஷன் கேட்கும் படிவம் 10டி கொடுத்துவிட்டு, மருத்துவக் குழு பார்க்கும் தேதிக்குக் காத்திருக்கிறோம். சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் காப்பீட்டுக் கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

புதிதாகப் பாலிசி எடுத்தவர்கள் இன்றே பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதே ஏஜென்டிடம் எங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் ரைடர் எடுத்திருக்கிறார்கள். நேற்று நாலு பத்திரத்தையும் வாங்கிப் படித்தேன். நாலிலும் 'விபத்தால்' என்றுதான் இருக்கிறது.