அப்பாவின் ஸ்பூல் டேப்புகளைக் கொடுத்து ஏமாந்தேன்

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பதிவு செய்து வைத்த பழைய கச்சேரி டேப்புகள் இருக்கிறதா? "காப்பி எடுத்துத் தருகிறேன்" என்று யார் கேட்டாலும் மூல டேப்பை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். நான் டேப் சுற்றிய 11 ஸ்பூல் கொடுத்தேன். 9 தான் திரும்பி வந்தது.

நாங்கள் மும்பை மாட்டுங்காவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் இருந்தோம். அப்பா 1974 முதல் 1983 வரை, கட்டடத்து மொட்டைமாடியிலும் உறவுக்காரர்கள் கல்யாணங்களிலும் நடந்த கச்சேரிகளைப் பாடகர்களிடம் கேட்டுக்கொண்டு பதிவு செய்வார். 7 அங்குல ஸ்பூல், 1800 அடி டேப். நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கத்துக்கு 96 நிமிடம் வரும். மூன்று மணி நேரக் கச்சேரி மங்களம் வரைக்கும் ஒரே ஸ்பூலில் அடங்கிவிடும். ஒவ்வொரு டேப்பிலும் முதலில் தேதி, இடம், பாடகர், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் தன் குரலிலேயே சொல்லிவிட்டுத்தான் மைக்கை மேடைப் பக்கம் திருப்புவார். ராகம், சுருதி, நிமிடக் கணக்கு எல்லாம் ஒரு நோட்டில் தனியாக இருக்கும். அவர் 2019-இல் காலமானார். அவர் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை.

அந்த மனிதரைச் சண்முகானந்தா ஹாலில் ஒரு கச்சேரி இடைவேளையில் சந்தித்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல ஞானஸ்தர். மாமா என்றுதான் கூப்பிட்டேன். கச்சேரிப் பதிவுகளைக் காசுக்கு விற்கக் கூடாது, பதிவுக்குப் பதிவு மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் வாங்கிக்கொள்ளலாம் என்பது சேகரிப்பவர்களுக்குள் பல காலமாக இருக்கிற வழக்கம். பாடியவருக்கு அதில் ஒரு பைசா போகாதபோது நாம் சம்பாதிப்பது தவறு என்று அப்பாவும் சொல்வார். மாமாவும் காசு கேட்கவில்லை. "டிஜிட்டல் பண்ணித் தரேன்மா, எனக்கும் ஒரு காப்பி வெச்சுக்கறேன், அவ்வளவுதான்" என்றார். காசு கேட்காததாலேயே நம்பினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு பென் டிரைவும் 9 ஸ்பூலும் வந்தன. "ரெண்டு டேப் ஒட்டிண்டு போயிடுத்தும்மா, ஓட்டினா பிசுபிசுன்னு உரிஞ்சு வர்றது, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். சில வகை டேப்புகள் ஈரக் காற்றில் அப்படி ஆவது உண்மைதான். மிதமான சூட்டில் பல மணி நேரம் பதமாக வைத்து எடுத்தால் கொஞ்ச நாளைக்கு மறுபடி ஓடும் என்பதும் உண்மை. அது அப்போது எனக்குத் தெரியாது. கெட்டுப்போனதையாவது கொடுங்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பென் டிரைவில் இருந்தவற்றையும் உடனே சோதிக்கவில்லை. எல்லாம் சுருக்காத வேவ் ஒலிக்கோப்புகள், நிமிடத்துக்குப் பத்து எம்பி இருந்தது. கோப்பு பெரிதாக இருந்தால் காப்பியும் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு, இதெல்லாம் தெரிந்த என் சித்தி மகன் வந்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, எந்த உயரம் வரை ஒலி இருக்கிறது என்ற அதிர்வெண் படத்தைக் காட்டினான். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல் ஒன்றுமே இல்லை. பழைய டேப்பில் பாட்டு அவ்வளவு உயரம் போகாவிட்டாலும், டேப்பின் இரைச்சல் அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும், இப்படிச் சுவர் மாதிரி நிற்காது. மேல் ஒலிகளை வெட்டி எம்பி3 ஆகச் சுருக்கிவிட்டு, அதையே திரும்ப வேவ் ஆக்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல காப்பியை அவரே வைத்துக்கொண்டார்.

வேகமும் தப்பு. அப்பா நோட்டில் சுருதி ஒரு கட்டை என்று எழுதிய கச்சேரி, கீபோர்டில் வைத்துப் பார்த்தால் அரைக் கட்டை ஏறி ஒன்றரைக் கட்டை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ரீங்காரமும் டேப்பில் மெல்லப் பதிந்திருக்கும். இந்தக் கோப்பில் அது 53-இல் நின்றது. அதாவது ஆறு சதவீதம் வேகமாக ஓட்டியிருக்கிறார். அந்தக் காலத்து மின்சாரம் 50-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் இவ்வளவு போகாது. போதாததற்கு மூன்று கச்சேரிகளில் தனி ஆவர்த்தனமே இல்லை. மிருதங்கக்காரர் இருபது நிமிடம் வாசித்ததாக நோட்டில் இருக்கிறது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒரு வருஷம் கழித்து, டோம்பிவிலியில் இருக்கும் ஒரு சிநேகிதி பதிவுக்குப் பதிவு மாற்றியதில் தனக்குக் கிடைத்த கரஹரப்பிரியா ராகப் பதிவு ஒன்றைக் கேட்கச் சொன்னாள். ஆலாபனை மேல் ஷட்ஜத்தைத் தொடும் நேரத்தில் ஒரு லோக்கல் ரயில் கடந்து போகிறது. பாடகர் நிறுத்துகிறார், ரயில் போகும்வரை வயலின் தனியாக இழுக்கிறது, சபையில் யாரோ "சபாஷ்" என்கிறார்கள். எங்கள் மொட்டைமாடிக் கச்சேரி. "பிசுபிசுன்னு உரிஞ்ச" இரண்டில் ஒன்று. இரைச்சலே இல்லாமல் துல்லியமாக இருந்தது. பதிவு செய்தவர் என்று மாமாவின் பெயர் போட்டிருந்தது. தொடக்கத்தில் அப்பா பேசியது வெட்டப்பட்டிருந்தது.

போன் செய்தேன். "பழைய டேப்பெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கும்மா" என்றார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

காப்பி எடுக்க வேண்டுமானால் மெஷினை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லை டேப்போடு நீங்களும் போய் உட்காருங்கள். ஒரு ஸ்பூலுக்கு மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு ஸ்பூலையும் பெட்டியோடு போட்டோ எடுத்து, எத்தனை, எந்தக் கச்சேரி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று திரும்பி வந்து, கேட்டுப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள்.

அந்தக் கரஹரப்பிரியா உங்களில் யாரிடமாவது இருந்தால், தொடக்கத்தை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கனைத்துக்கொண்டு "மாட்டுங்கா, மொட்டைமாடி" என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் அது என் அப்பா. அந்த அரை நிமிடத்தை மட்டும் எனக்குக் காப்பி எடுத்துக் கொடுங்கள். மீதி ஒன்பது ஸ்பூலில் எதைக் கேட்டாலும் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளலாம்.